ஒரு பக்க லாக் மட்டும் விழாத லாங் காலிப்பர்: பிரித்துச் சேர்த்த பதிவு

வேலைக்கு வந்தது வலது காலுக்கான லாங் காலிப்பர், அதாவது தொடையிலிருந்து பாதம்வரை காலைத் தாங்கும் சாதனம். மருத்துவச் சீட்டில் கே.ஏ.எஃப்.ஓ. என்று இருக்கும். சிறுவயதுப் போலியோவில் தொடைத் தசை செயலிழந்த, ஐம்பதைத் தாண்டிய ஒருவருடையது. 20 மி.மீ. அகலமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள அலுமினிய சைடு பார் இரண்டு. முழங்காலில் ரிங் லாக் (கால் நீண்டதும் மூட்டின் மேல் விழுந்து அதை மடங்காமல் பூட்டும் வளையம்), தொடையில் கயிறு கோத்த தோல் கஃப், கெண்டைக்காலில் ஒரு பட்டை, முழங்காலுக்கு முன்னால் நீ கேப், அடியில், பாரோடு இணைக்கும் எஃகு ஸ்டிரப் பொருத்திய ஷூ.

குறைகள் நான்கு. எழுந்து நின்றதும் வெளிப்பக்க லாக் தானாக விழுவதில்லை, கையால் தட்ட வேண்டும். லாக் விழுந்த பிறகும் முழங்கால் 'கடக்'கென்று சற்று முன்னால் வருகிறது. உட்கார்ந்தால் கெண்டைக்காலில் பட்டை அழுந்தி, வெளிப்பக்கமாகக் கன்றிப்போகிறது. உட்பக்க பாரில், தொடைப் பட்டைக்குக் கொஞ்சம் கீழே, மயிரிழை விரிசல்.

லாக்குக்கு எண்ணெய், பட்டைக்கு ஸ்பாஞ்சு, விரிசலுக்கு ஒரு தகடு என்று ஆளுக்கொரு மருந்து போட்டு அனுப்பிவிடலாம். பல இடங்களில் அதுதான் நடக்கிறது. சில மாதத்தில் அதே காலிப்பர் அதே நான்கு குறைகளோடு திரும்பி வரும், இந்த முறை பார் இரண்டு துண்டாக. இங்கே நான்குக்கும் வேர் ஒன்றுதான்: முழங்கால் மூட்டு இரண்டும் ஒரே அச்சில் இல்லை. வெளிப்பக்க மூட்டை முன்பு ஒருமுறை தனியாக மாற்றியிருக்கிறார்கள். புது மூட்டின் தலை பழையதைவிட நீளம். துளை கிடைத்த இடத்தில் ரிவெட் அடித்ததில் அந்தப் பக்கம் 9 மி.மீ. கீழே இறங்கிவிட்டது.

கழற்றும் முன் பார்க்க வேண்டியது

காலிப்பர் காலில் இருக்கும்போதே பாதி நோய் தெரிந்துவிடும். நிற்க வைத்துப் பார்க்க வேண்டும், உட்கார வைத்தும் பார்க்க வேண்டும். நிற்கும்போது மட்டும் பார்த்தால் மூட்டு தவறான உயரத்தில் இருப்பது கண்ணில் படாது. கால் நேராக இருக்கையில் அச்சு எங்கே இருந்தாலும் ஒன்றுதான். மடக்கும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும்.

முழங்கால் அச்சைக் குறிக்க, காலைச் சற்று மடக்கி, உட்பக்கத்தில் விரலால் தடவினால் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் பள்ளம் தட்டுப்படும். கீழ்க்கால் எலும்பின் மேல்விளிம்பிலிருந்து 2 செ.மீ. மேலே ஒரு கோடு. அந்த உயரத்தில் முழங்காலின் முன்பின் அகலத்தை அளந்து, முன்னாலிருந்து 60 பங்கு, பின்னாலிருந்து 40 பங்கு வரும் இடத்தில் ஒரு புள்ளி. மூட்டு ஸ்குருவின் நடுமையம் அங்கேதான் வர வேண்டும். காலின் உண்மையான அச்சு மடங்க மடங்க நகர்ந்துகொண்டே இருக்கும். ஒற்றை ஸ்குரு மூட்டால் அதைப் பின்தொடர முடியாது. நடுவாகப் பொருந்தக்கூடிய இடம் இது.

மூட்டு 1 செ.மீ. கீழே இருந்தால், 90 டிகிரி மடக்கியதும் காலிப்பரின் கீழ்ப்பகுதி காலை ஒட்டி 1 செ.மீ. மேலேறும். கூடவே 1 செ.மீ. முன்னால் வந்து, பட்டை கெண்டைக்காலைப் பின்னாலிருந்து நெரிக்கும். மூட்டு மேலே இருந்தால் நேர்மாறு: பட்டை கெண்டையை விட்டு விலகும், முன்னால் உள்ள வார் கீழ்க்கால் எலும்பில் இழுக்கும். ஆக, உட்கார்ந்தால் எங்கே வலிக்கிறது என்று கேட்டாலே மூட்டு எந்தப் பக்கம் தவறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். இவருக்குக் கெண்டைக்காலில், அதுவும் வெளிப்பக்கம் அதிகம்.

பிரித்தல்

முதலில் மார்க்கரால் உள், வெளி என்று எழுதிவிட வேண்டும். வாஷர்களை எடுத்த வரிசையிலேயே தட்டில் வைக்க வேண்டும். பித்தளை வாஷர் எங்கே, எஃகு வாஷர் எங்கே என்பது பிறகு நினைவில் நிற்காது.

4 மி.மீ. ரிவெட்டை எடுக்க 5 மி.மீ. டிரில் பிட். தலையின் ஆழத்துக்கு மட்டும் இறக்கி, தலை கழன்றதும் பஞ்ச் கருவியால் தட்டித் தள்ள வேண்டும். முழு ஆழத்துக்கும் டிரில் போனால் பாரில் உள்ள துளை பெரிதாகிவிடும். பெரிதான துளையில் புது ரிவெட் எவ்வளவு அடித்தாலும் ஆடும். ஆடினால் தோல் கிழியும்.

பட்டைகளும் கஃபும் கழன்றதும், முழங்கால் மூட்டு ஸ்குருக்களை எடுத்துவிட்டு, இரண்டு துளைக்கும் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு நேரான கம்பியைக் குறுக்கே விடுகிறோம். கம்பி ஒரு துளையில் நுழைந்து மறுபக்கத் துளையிலும் தடையில்லாமல் போக வேண்டும். இந்தக் காலிப்பரில் கம்பி மறுபக்கத் துளையின் மேல்விளிம்பில் முட்டி நின்றது. முழங்கால் அகலம் 11 செ.மீ., உயர வித்தியாசம் 9 மி.மீ.; கிட்டத்தட்ட 5 டிகிரி சாய்வு.

இனி நான்கு குறைகளும் தாமாக விளங்கும். அச்சு இரண்டாக இருப்பதால் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் இரண்டு பாரும் ஒன்றையொன்று முறுக்குகின்றன. அந்த முறுக்கு மூட்டை விட்டு மேலேறி, முதலில் அகப்படும் பலவீனமான இடத்தில் தங்குகிறது. அதாவது பட்டை ரிவெட்டின் துளையில். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறது. காலை நீட்டும்போது உட்பக்க மூட்டு முழுதாக நீண்டுவிடுகிறது, வெளிப்பக்கம் ஓரிரு டிகிரி பாக்கி இருக்கிறது. முழுதாக நீளாத மூட்டில் ரிங் இறங்காது. அதனால் எடை முழுவதையும் உட்பக்க ரிங்கே சுமந்து, உள்ளே தேய்ந்து, 'கடக்'கென்ற ஆட்டம் வந்திருக்கிறது.

அந்த ஆட்டம் பார்வைக்குச் சின்னதுதான். மூட்டு மையத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி ரிங் பிடிக்கிறது. அங்கே 1 மி.மீ. தேய்ந்தால் மூட்டில் ஏறத்தாழ 2 டிகிரி. முழங்காலிலிருந்து 40 செ.மீ. கீழே, கணுக்காலில், அது 13 மி.மீ. அசைவு. தொடையில் தசை இல்லாதவருக்கு நிற்கும்போது 13 மி.மீ. என்பது விழப்போகிறோம் என்ற உணர்வைக் கொடுக்கப் போதும்.

மூட்டும் பாரும்

மூட்டை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒரே தயாரிப்பு, ஒரே அளவு. ஒரு பக்கம் நன்றாக இருக்கிறதே என்று விட்டால் மறுபடி இதே கதை. கான்பூரில் உள்ள மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் காலிப்பர் பாகங்களைத் தயாரிக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் காலிப்பர் இலவசமாகவும் கிடைக்கும். ஆனால் உலோகமும் தோலும் சேர்ந்த பழைய வகைக்கு அளவு பார்த்துப் பார் வளைக்கும் கை குறைந்துகொண்டே வருகிறது. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானார். 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. அதாவது போலியோவுக்காகக் காலிப்பர் போடுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் வளர்ந்தவர்கள், பலர் நடுவயதைத் தாண்டியவர்கள். பழகிய காலிப்பரை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வராது, அதில் நியாயமும் இருக்கிறது.

விரிசல் விட்ட பாரை வெல்டிங் செய்யலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கூடாது. இந்த அலுமினியக் கலவை சூட்டில் பதப்படுத்தி வலுவேற்றியது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த வலு போய்விடும். தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்து உடையும். மேலே தகடு வைத்து ரிவெட் அடிப்பதும் புதுப் பார் வரும்வரை ஓட்டுவதற்குத்தான், அதற்குமேல் நம்பக்கூடாது.

புதுப் பார் இரண்டையும் கால் வடிவத்துக்கு வளைப்பதுதான் இந்த வேலையில் பொறுமை கேட்கும் இடம். ஒரு பெரிய தாளில் காலை வைத்து, பென்சிலைத் தாளுக்குச் செங்குத்தாகப் பிடித்து, தொடையிலிருந்து குதிகால்வரை இரண்டு பக்கமும் வரைந்துகொள்ள வேண்டும். பென்சில் சாய்ந்தால் ஒரு பக்கத்துக்கு 1 செ.மீ. வரை தவறும். அந்தத் தாள்தான் இனி அளவுகோல். வளைத்து, தாளின் மேல் வைத்துப் பார்த்து, மறுபடி வளைக்க வேண்டும். முழங்கால் மட்டத்தில் தோலுக்கும் மூட்டுக்கும் இடையே பக்கத்துக்கு 5 மி.மீ. இடைவெளி.

வளைக்க பெண்டிங் அயர்ன் ஜோடி வேண்டும். அதன் வாய் விளிம்பு கூராக இருந்தால் முதலில் அரம் போட்டு மழுக்க வேண்டும். கூர் விளிம்பு பாரில் ஒரு கோடு கிழித்துவிடும். பார்க்கக் கீறல்தான், ஆனால் ஓராண்டு கழித்து உடையும்போது அந்தக் கோட்டிலேயே உடையும். வைசில் பிடித்துச் சுத்தியலால் அடித்து வளைப்பது வேண்டவே வேண்டாம். ஒரே இடத்தில் 'வி' மாதிரி மடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, வளைவைப் பரப்ப வேண்டும். அதிகம் வளைந்துவிட்டதென்று திருப்பி நிமிர்த்துவதை ஒருமுறைக்கு மேல் செய்தால் அந்தப் பாரைக் கழித்துவிடுவதே நல்லது. அலுமினியம் வளைத்து நிமிர்த்த நிமிர்த்த இறுகி, உள்ளுக்குள் வெடிக்கும். மூட்டுத் தலையிலிருந்து 3 செ.மீ.க்குள் வளைக்கக்கூடாது, அங்கே வளைத்தால் மூட்டு முகமே திரும்பிவிடும்.

துளை போடும் இடமும் வளைவும் ஒன்றாக வரக்கூடாது. 4 மி.மீ. துளை, பாரின் நடுக்கோட்டில். போட்டதும் இரண்டு பக்கமும் பெரிய பிட்டைக் கையால் சுழற்றி விளிம்புப் பிசிறை எடுத்துவிட வேண்டும். பிசிறு விரிசலுக்கு விதை.

மூட்டுகளைப் பாரில் நிரந்தரமாக ரிவெட் அடிக்கும் முன், ஸ்குருவும் நட்டும் போட்டுத் தற்காலிகமாகப் பிடித்து, குறுக்குக் கம்பியை மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். கம்பி வழுக்கிக்கொண்டு போனால்தான் அடுத்த வேலை. பிறகு கம்பியை உள்ளே விட்டபடியே தொடைப் பட்டையையும் கெண்டைப் பட்டையையும் ரிவெட் அடிக்க வேண்டும். கம்பி இல்லாமல் அடித்தால், பட்டை இழுத்த இழுப்பில் பார் திரும்பி, பார்த்துப் பார்த்துச் சேர்த்த அச்சு போய்விடும். வெளியே நிற்கும் ரிவெட் நீளம் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 4 மி.மீ. ரிவெட்டுக்கு 6 மி.மீ. குறைந்தால் தலை உருளாது, கூடினால் வளைந்து படுத்துக்கொள்ளும்.

லாக்

இரண்டு மூட்டும் ஒரே நொடியில் முழுதாக நீள வேண்டும். இதற்கு ஒரு எளிய சோதனை: மூட்டின் நிறுத்து முகங்களுக்கு (முழுதாக நீண்டதும் ஒன்றோடொன்று முட்டி நிற்கும் பரப்புகளுக்கு) இடையே, இரண்டு பக்கமும், ஒரே தாளில் வெட்டிய இரண்டு கீற்றுகளை வைத்து மெல்ல நீட்ட வேண்டும். இரண்டு கீற்றும் ஒன்றாகப் பிடிபட்டால் சரி. ஒன்று பிடிபட்டு மற்றது உருவிக்கொண்டு வந்தால் உடனே அரத்தை எடுக்கக்கூடாது. பார் வளைவில் தவறு இருக்கிறதா என்று தாள் வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அது சரியாக இருந்து, இன்னும் வித்தியாசம் இருந்தால் மட்டும் முந்திப் பிடிபடும் முகத்தில் மெல்லிய அரம், இரண்டு இழுப்புக்கு ஒருமுறை தாள் சோதனை. அரம் போட்டுப் பழகிவிட்டால் காலிப்பர் முழங்காலைப் பின்னுக்கு வளைக்கத் தொடங்கும், அது வேறு தொல்லை.

ரிங் தன் எடையிலேயே விழ வேண்டும். விழவில்லையென்றால் உள்முகத்தில் பிசிறு, அழுக்கு, அல்லது பாரில் கீறல். நடுங்கிக்கொண்டு விழுந்தால் அதிகத் தொளதொளப்பு. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, துணியால் முழுவதும் துடைத்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு எண்ணெய் இருந்தால் ரோட்டுப் புழுதி சேர்ந்து உப்புத்தாள் வேலை செய்யும். மூட்டு ஸ்குருவில், மரை தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு, மரைக்கு மட்டும். வாஷர் பக்கம் வழிந்தால் மூட்டே ஒட்டிக்கொள்ளும்.

முழங்கால் சில டிகிரி நிரந்தரமாக மடங்கியே இருப்பவருக்கு நேரான காலிப்பரில் ரிங் ஒருநாளும் தானாக விழாது. அவருக்கு லாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, காலிப்பரே அந்தக் கோணத்துக்குச் செய்யப்பட வேண்டும். பிசியோதெரபிஸ்டையும் முடநீக்கியல் வல்லுநரையும் கேட்காமல் பட்டறையில் முடிவெடுக்கிற விஷயம் அல்ல இது.

பின்னால் வளைந்த கம்பியைத் தூக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றாகத் திறக்கும் சுவிஸ் லாக் போடலாமா என்ற கேள்வியும் வரும். நாற்காலி விளிம்பில் கம்பியை இடித்து உட்காரலாம், கை இரண்டிலும் ஊன்றுகோல் வைத்திருப்பவருக்கு வசதி. ஆனால் நெரிசலான டவுன் பஸ்ஸில் பின்னால் நிற்பவரின் பை இடித்தாலும் திறந்துகொள்ளும். தினமும் பஸ்ஸில் போகிறவருக்கு ரிங் லாக்கே போதும்.

நீ கேப்

லாக் சரியானதும் எல்லாம் முடிந்ததென்று நினைக்கக்கூடாது. நீ கேப் தளர்ந்திருந்தால், லாக் கெட்டியாக இருந்தும் முழங்கால் காலிப்பருக்குள்ளேயே முன்னால் சரியும். தொடைப் பட்டையும் கெண்டைப் பட்டையும் பின்னாலிருந்து தள்ளுகின்றன. அதற்கு எதிராக முன்னாலிருந்து தள்ள இருப்பது இது ஒன்றுதான். நான்கு வார் கொண்ட தோல் கேப், வார்கள் பாருடன் மூட்டுக்கு மேலும் கீழும் சேரும். சில்லு எலும்பின் மேல் நேராக அழுத்தக்கூடாது. உட்பக்கம் 6 மி.மீ. ஸ்பாஞ்சு ஒட்டி, சில்லு வருமிடத்தில் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டால் அழுத்தம் சுற்றிலும் பரவும்.

கஃபின் தோல் வியர்வையில் விறைத்திருந்ததால் புதிது தைத்தாயிற்று. உட்பக்க மேல்விளிம்பு கவட்டையிலிருந்து 3 செ.மீ. கீழே நிற்க வேண்டும், இல்லையென்றால் நடக்க நடக்க அறுக்கும். கெண்டைப் பட்டையின் மேல்விளிம்பு, முழங்காலுக்கு வெளிப்பக்கம் கீழே தட்டுப்படும் சின்ன எலும்பு முண்டிலிருந்து 2 செ.மீ. கீழே. அந்த முண்டைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. பட்டை அங்கே அழுத்தினால் புறங்கால் மரத்துப்போகும்.

ஷூ

ஸ்டிரப் ஷூவின் அடியில் எஃகுத் தகட்டோடு ரிவெட் ஆகியிருக்கும். கணுக்கால் மூட்டு, உட்பக்கக் கணு எலும்பின் கீழ்நுனி மட்டத்தில். ஷூவின் குதிகால் உயரத்தை நினைத்தபடி மாற்றக்கூடாது. காலிப்பர் அமைத்தபோது இருந்த உயரத்தைவிடக் கூடினால் கீழ்க்கால் முன்சாய்ந்து முழங்கால் மடங்கப் பார்க்கும், குறைந்தால் முழங்கால் பின்னுக்குத் தள்ளப்படும். செருப்பு தைப்பவரிடம் தேய்ந்த ஹீலை மாற்றக் கொடுத்தால், தேயாத ஷூவின் ஹீலை அளந்து எண்ணைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கால் உயரக் குறைவு 3.5 செ.மீ. இருந்தது. முழுதாக ஈடுகட்டவில்லை. முழங்கால் லாக் ஆகியிருப்பதால் காலை முன்னே வீசும்போது தரை தட்டாமலிருக்க 1 செ.மீ. விட்டுவைக்க வேண்டும். அதனால் ஹீலில் 2.5 செ.மீ., விரல்களுக்குப் பின்னுள்ள பந்துப்பகுதியில் 1.8 செ.மீ., விரல் நுனியில் 1 செ.மீ.யாகச் சரிந்து மேலெழும்படி எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) ஷீட். இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஃபெவிகால் எஸ்.ஆர். இரண்டிலும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் மேலே பிடித்தமாதிரி இருந்து ஒரு வாரத்தில் பிளந்துகொள்ளும்.

பிளாஸ்டிக் பற்றி ஒரு வார்த்தை

பாலிப்ரொப்பிலீன் காலிப்பர் எடை குறைவு, எந்த ஷூவுக்குள்ளும் போகும். ஷீட்டை ஓவன் அடுப்பில் 180 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் சூடாக்கி, கண்ணாடி போலத் தெளிந்ததும் மாவுக்கட்டு அச்சின் மேல் போர்த்தி வேக்குவம் இழுப்பார்கள். புதிதாகப் போடுகிறவருக்கு அதுவே நல்லது. அதன் நோய் வேறு. கணுக்கால் விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் விரிசல் வரப்போகிறது என்று பொருள். சாதாரணப் பசை எதுவும் அந்தப் பிளாஸ்டிக்கில் பிடிக்காது. ஹாட் ஏர் வெல்டிங் கணுக்கால் பகுதியில் நிலைக்காது. விளிம்பில் ரம்பப்பல் அடையாளம் கொஞ்சம்கூட இல்லாமல் வழவழவென்று தேய்த்து எடுப்பதுதான் முன்கூட்டிச் செய்யக்கூடிய காரியம்.

போட்டுப் பார்த்தல்

நீளக் காட்டன் சாக்ஸ் போட்டு, இணைகம்பிகளுக்கு நடுவில் நிற்க வைக்க வேண்டும். இரண்டு ரிங்கும் ஒரே சத்தத்தில் விழுகிறதா, உட்கார்ந்தால் கெண்டைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழைகிறதா, தொடை கஃப் மேலேறுகிறதா என்று பார்த்தபின் 15 நிமிட நடை. கழற்றியதும் தோலில் சிவப்பு இருப்பது இயல்பு. அரை மணி நேரத்தில் மறைய வேண்டும், மறையாத இடத்தில் பட்டையைத் திருத்த வேண்டும். போலியோவில் உணர்ச்சி இருக்கும், வலித்தால் சொல்வார். தண்டுவடக் காயம், தொழுநோய், நாள்பட்ட சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம். அவர்களுக்கு முதல் வாரம் ஒவ்வொரு மணிக்கும் கழற்றித் தோலைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடியது: இரவு கழற்றியதும் தோல் பாகங்களை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைக்கலாம். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தில் சேரும் நூலைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுக்கலாம். மழையில் நனைந்தால் ஸ்டிரப் ரிவெட்டைச் சுற்றித் துரு வரும், துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் போதும். வாரம் ஒருமுறை மூட்டு ஸ்குருவை விரலால் திருகிப் பார்த்து, ரிவெட் துளைகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஸ்குரு திரும்பினாலோ, அலுமினியத்தில் கருப்புப் பொடி கசிந்திருந்தாலோ, அன்றே பட்டறைக்கு எடுத்துவர வேண்டும். மூட்டு ஸ்குரு ஒன்றும் அதற்கான சாவியும் சட்டைப் பையில் இருக்கட்டும். அந்த அளவு மரை சாதாரண ஹார்டுவேர் கடையில் எளிதில் அகப்படாது.